பத்தடியும் இரண்டு கோடும்

மகனே,

நீ விமானம் ஏற இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. இந்த வேளையில் ஒரு தாய் எழுதுகிற கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவுஸ்திரேலியாவில் குளிர் அதிகமாம், கம்பளி உடுப்பு எடுத்தாயா, மிளகாய்த்தூளைப் பையில் கட்டாமல் போத்தலில் அடைத்தாயா, போய் இறங்கியதும் கோல் எடு என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி அடித்ததும் தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று இந்த எஹலியகொட டவுனில் எல்லாருக்கும் தெரியும். வந்த வேகத்தில் போய்விடும் என்பதும் தெரியும். இந்த முறை அது போகவில்லை. இரண்டு கிழமையாக நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மிளகாய்த்தூளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கவும் மனம் வரவில்லை. மூலையில் கிடந்த பழைய தமிழ் டைப்ரைட்டரைத் துடைத்து, புது ரிப்பன் போட்டு அடிக்கிறேன். கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்று உனக்குத் தபாலில் வரும். மற்றதை நம் தட்டச்சு வகுப்பின் வாசலில் இருக்கிற அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். அம்மா வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ராஜேஸ்வரியின் பெயரைத் தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஊரே பார்க்க ஒட்டினார்கள். ‘முறையற்ற உள்ளீடு காரணமாக விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார்’ என்று மூன்று மொழியிலும் அடித்து ஒட்டினார்கள். அந்த ‘முறையற்ற உள்ளீடு’ என்ற சொல் உன் கம்பனி அனுப்பிய அறிக்கையிலிருந்து வந்தது. அந்த அறிக்கையை எழுதியது நீ. ஊரறியச் சொன்ன பழிக்கு மறுமொழியை மட்டும் நான் ஏன் உறையில் போட்டு ஒட்ட வேண்டும்?

ராஜேஸ்வரியை உனக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பலகையில் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து மேல் டிவிஷனில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் குடியிருந்து இறப்பர்ப் பால் வெட்டுகிற பெருமாளின் மகள். அந்த லயத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்த முதல் பிள்ளை. அதற்கு முன்னால் அந்த லயத்து ஆட்கள் அந்த ஆபீசின் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று பெருமாள் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு வந்து, “டீச்சர், நம்ம புள்ள உள்ளுக்க உக்காந்துருக்குங்க. நான் யன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் மலைக்குப் போனேன்” என்று சொன்னார். இப்போது அந்த மனிதர் கடைத்தெருவில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கம் போகிறார்.

அவளும் நீயும் ஒரே மேசையில் படித்தவர்கள். கீழே முஸ்லிம் நானாவின் புடவைக்கடை, மேலே நம் வகுப்பு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அங்கே ஐந்தாறு டைப்ரைட்டர்கள்தான் இருந்தன என்பது உனக்கு நினைவிருக்கும். பாடசாலை விட்டு வந்தால் நீ அங்கேதான் கிடப்பாய். ஆங்கில மெஷினில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக்கொடுத்ததையே உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். அடி என்று எழுத வேண்டுமானால் எண்ணுக்குப் பக்கத்தில் மேலே ஒற்றைக் குறி. அங்குலத்துக்கு இரட்டைக் குறி. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு விளக்கம் சேர்க்க வேண்டுமானால் ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு, மறுபடி ஓர் இடம். தட்டச்சுப் பரீட்சையில் இதற்குத் தனியாகப் புள்ளி உண்டு. நீ அதில் முழுப் புள்ளி வாங்கினாய். ராஜேஸ்வரியும் வாங்கினாள். இந்த வட்டாரத்தில் யாராவது அந்தக் குறிகளைச் சரியாகப் போட்டு அடித்தால், அது நம் வகுப்பில் படித்த பிள்ளை என்று ஆபீசில் இருக்கிறவர்களே சொல்வார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு மேல் டிவிஷன் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்துக் கிடந்தது. எந்தக் காம்பரா அறை ஆபத்தில் இருக்கிறது, யாரை முதலில் புது வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தோட்டம் முழுவதும் குடும்பம் குடும்பமாக விவரம் எடுத்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு புரோகிராம் கேட்டபோது உன் கம்பனிக்கு அந்த வேலை வந்தது. நம்ம தோட்டம்தானே, நானே எழுதுகிறேன் என்று நீ வாங்கிக்கொண்டாய். அன்றைக்கு நான் கோயிலில் அர்ச்சனை செய்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். டிவிஷனுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆபத்து உண்டா இல்லையா, காம்பராவின் அளவு என்ன என்று இடங்கள். மேல் டிவிஷன் விவரத்தை ஏற்றும் வேலை ராஜேஸ்வரிக்குக் கிடைத்தது.

எல்லாக் காம்பராவும் வெள்ளைக்காரன் கட்டிய ஒரே அளவு. தாளில் பத்துப் பெருக்கல் பன்னிரண்டு என்று வெறும் எண்ணாக இருந்ததை அவள் அப்படியே அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். கடைசியில் ஒரு வீடு வந்தது. அதே டிவிஷனில் கீழே சமதரையில் இருக்கிற லயத்தில், தனியாக வாழும் ஒரு கிழவருடைய பாதிக் காம்பரா. ஒரு பக்கம் பத்தடிச் சுவர். மறுபக்கம் சுவரே இல்லை, உரச் சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டு அடுத்த குடும்பத்தை மறைத்திருக்கிறார்கள். சாக்குக்கு என்ன அளவு போடுவது? அவள் நான் சொல்லிக்கொடுத்தபடி அடித்தாள். பத்து, அடிக் குறி, இரண்டு சிறு கோடு, ‘சாக்குத் தடுப்பு’. சமதரை என்பதால் ஆபத்து என்ற இடத்தில் ‘இல்லை’. சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பிழையும் வரவில்லை. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு அழுத்தலில் மேல் டிவிஷனில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் ஆபத்து ‘இல்லை’ என்று ஆகிவிட்டது. சுவர் பிளந்து கை நுழைகிற வீட்டுக்கும் இல்லை, பின்கதவைத் திறந்தால் மண் உள்ளே விழுகிற வீட்டுக்கும் இல்லை. அச்செடுத்த தாள் கொழும்புக்குப் போயிற்று. முதலில் கட்டுகிற வீடுகள் எல்லாம் வேறு டிவிஷனுக்கு என்று முடிவாகித் திரும்பி வந்தது. மற்ற டிவிஷன்களில் எல்லாம் சரியாக இருக்க, இவள் ஏற்றிய டிவிஷன் மட்டும் இப்படி ஆனால் ஊர் என்ன நினைக்கும்? “ஆபீஸ்ல உக்காந்ததும் லயத்த மறந்துட்டா” என்றார்கள். “யாருக்கோ வளஞ்சு குடுத்துட்டா” என்றார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம். விழப்போகிற சுவர்களில் ஒன்று அவள் வீட்டுச் சுவர் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. தாள்கள் பத்திரமாக இருந்ததால் விவரத்தை மறுபடி ஏற்றிவிட்டார்கள், வீட்டு விஷயத்தையும் மறுபடி பார்க்கிறோம் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிவிட்டார். அவளை மட்டும் யாரும் மறுபடி பார்க்கவில்லை.

நான் உனக்குப் போன் எடுத்தேன். விசாக் கடிதம் வந்த சந்தோஷத்தில் இருந்தாய். நான் கேட்டதும் உன் குரல் இறங்கிவிட்டது. “அம்மா, அவ அந்தக் கீய அடிச்சிருக்கக் கூடாதும்மா” என்றாய். ஏனடா என்று கேட்டேன். “அது அப்படித்தாம்மா. அந்தக் குறி உள்ளுக்குப் போனா கமாண்ட் உடஞ்சிரும். யூசர் மிஸ்டேக்னுதான் போடணும். இல்லாட்டி கம்பனிக்குப் பிரச்சின” என்றாய். பிறகு, “இத நீங்க பெருசாக்காதீங்க, நான் போற நேரத்துல” என்றும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். யூசர் மிஸ்டேக். கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் விட்ட தச்சன், கதவைத் திறந்தவள்மேல் குற்றம் சொல்கிறான். அடிக்கு அடிக் குறி போடுவது எந்த ஊரில் தவறு? அந்தச் சாவி கீபோர்டில் எதற்கு இருக்கிறது, அழகுக்கா?

உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். உனக்குத் தெரியும். எனக்கே இதைச் சொல்லிக்கொடுத்தது நீதான். கொழும்பில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது தீபாவளிக்கு வந்தாய். வகுப்புப் பிள்ளைகளின் பெயர், வரவு, பரீட்சைப் புள்ளி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதித் தந்தாய். ஆட்கள் அடிக்கிற விவரத்தை ஏன் கட்டளைக்குள் நேராக ஒட்டக்கூடாது என்று நான் கேட்காமலே கரும்பலகையில் எழுதிக் காட்டினாய். அதற்கு நீ சொன்ன உதாரணம் உன் சொந்தக் கதைதான். உனக்கு ஐந்து வயது. கீழே கடைக்கு அனுப்பும்போது நான், “நானாகிட்ட வெள்ள நூல் ரெண்டு கட்டை கேளு, மழை வந்தா நிக்காம ஓடி வந்துடு” என்றேன். நீ போய் நானாவின் முன்னால் நின்று, “வெள்ள நூல் ரெண்டு கட்டை, மழை வந்தா நிக்காம ஓடி வந்துடு” என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தாய். நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, மேலே பார்த்து, “டீச்சர், உங்க மகன் என்னய மழைக்கு ஓடச் சொல்றான்” என்று கத்தினார். அதற்குப் பிறகு நான் வேண்டிய சாமானைத் துண்டில் எழுதி உன் கையில் கொடுப்பேன். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் வாயால் சொல்வேன். துண்டில் என்ன எழுதியிருந்தாலும் அது சாமானின் பெயர்தான். அது யாரையும் மழைக்கு ஓடச் சொல்லாது.

கம்ப்யூட்டரும் அந்த ஐந்து வயதுப் பிள்ளைதான் அம்மா என்று நீ சொன்னாய். கட்டளையும் விவரமும் ஒரே வாக்கியமாகப் போனால் எது எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் கட்டளையை முதலில் முழுதாக எழுத வேண்டும். விவரம் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட வேண்டும். விவரத்தைத் தனியாக, துண்டைக் கொடுப்பதுபோலக் கொடுக்க வேண்டும். பிறகு அதற்குள் அடிக் குறி இருக்கட்டும், கோடு இருக்கட்டும், ஊர்ப்பட்ட வசை இருக்கட்டும், அது வெறும் விவரமாகவே போய் உட்காரும். இதையெல்லாம் அன்றைக்கு நீ சொல்லும்போது நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில் பிறந்து டைப்ரைட்டர் படித்த எனக்கு இப்படி ஒரு மகன் என்று பெருமையாக இருந்தது. அந்தச் சின்னப் புரோகிராம் இன்றைக்கும் என் மேசையில் ஓடுகிறது. எந்தப் பிள்ளை எதை அடித்தாலும் அது ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

தோட்டத்துப் புரோகிராமின் ஒரு பிரதியையும் நீ என் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுப் போயிருந்தாய், சும்மா அடித்துப் பாருங்கள் என்று. போனை வைத்த மறுநாள் வகுப்பு முடிந்ததும் அதைத் திறந்தேன். என் மாணவிகளின் பெயர்களைக் குடும்பங்களாக ஏற்றினேன். எல்லாருக்கும் ஆபத்து ‘உண்டு’ என்று போட்டேன். பிறகு ஒரே ஒருத்தியைத் திறந்து, ஆபத்தை ‘இல்லை’ என்று மாற்றி, அளவில் பத்து, அடிக் குறி, இரண்டு கோடு, சாக்குத் தடுப்பு என்று அடித்துச் சேமித்தேன். பட்டியலைத் திறந்தேன். எல்லாருக்கும் ‘இல்லை’. எல்லாருடைய அளவும் வெறும் பத்து. 

நீ எழுதிய கட்டளையையும் திறந்து பார்த்தேன். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கிறது: ஆபத்து = 'இல்லை', அளவு = '10' -- சாக்குத் தடுப்பு', இந்தக் குடும்பத்துக்கு மட்டும். அளவைச் சுற்றி நீ ஒற்றைக் குறி போட்டிருக்கிறாய். உள்ளே அவள் போட்ட அடிக் குறியைக் கம்ப்யூட்டர் உன்னுடைய மூடும் குறி என்று எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு கோடு, இதற்கு மேல் இருப்பது குறிப்பு, வாசிக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தமாம். அப்படியானால் அது வாசிக்காமல் விட்டது எதை? ‘இந்தக் குடும்பத்துக்கு மட்டும்’ என்பதை. மட்டும் போய்விட்டது, எல்லாருக்கும் என்று ஆகிவிட்டது. எல்லா வீட்டின் அளவும் ஒரே மாதிரி வெறும் பத்தாக மாறியிருப்பதை நீயும் பார்த்திருப்பாய். ஒரு பெண் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக அப்படி மாற்ற மாட்டாள், இது கட்டளை உடைந்த வேலை என்று பார்த்த உடனே உனக்கு விளங்கியிருக்கும். விளங்கிய பிறகுதான் ‘முறையற்ற உள்ளீடு’ என்று எழுதினாய். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

நீ செய்த திருத்தத்தைப் பற்றியும் கேள்விப்பட்டேன். யாரும் அந்தக் குறியை அடிக்கக் கூடாது என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினாயாம். மீறி அடித்தால் புரோகிராம் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுமாம். இதுவா திருத்தம்? நம் இரத்தினபுரியை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுகிற எல்லாரும் ஆர் எழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் குறியைப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். அடியும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றால் பிறகு எதைத்தான் எழுதுவது? மக்கள் எழுதுவதை எழுதினபடி வைத்துக்கொள்ளத் தெரியாத புரோகிராம் எதற்கு? எங்கள் பெயரையும் ஊரையும் ஆபீசில் இருந்தவர்கள் தங்கள் வசதிக்கு வெட்டியதும் ஒட்டியதும் போதும். லயத்துப் பேரன் நீ, நீயும் அதையே செய்ய வேண்டாம்.

அட்டவணையின் பெயரிலும் இதே கூத்துத்தான். திரையில் டிவிஷன் பெயரை அடிக்க ஒரு பெட்டி வைத்து, அதில் யார் எதை அடித்தாலும் அதையே அட்டவணையின் பெயராகக் கட்டளைக்குள் ஒட்டிவிட்டாய். மேல், டிவிஷன் என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் இடம் விட்டால் புரோகிராம் திணறுகிறது. அதற்கும் நீ, இடம் விடாதீங்க, நடுவில் அடிக்கோடு போடுங்க என்று ஆட்களுக்குத்தான் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நீ ஆட்களைத் திருத்தினாயே தவிர உன் வேலையைத் திருத்தவில்லை. அட்டவணைப் பெயருக்குக் கேள்விக்குறி வைத்தியம் பலிக்காது என்று அந்தத் தீபாவளியிலேயே நீ சொன்னாய். துண்டில் எழுதுவது சாமானின் பெயரை, எந்தக் கடை என்பதைப் பிள்ளையிடம் நாம்தான் சொல்ல வேண்டும் என்றாய். டிவிஷன் பெயர்கள் நமக்குத் தெரிந்தவைதான். அவற்றைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்து, அதில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி, அதில் இல்லாத எதையும் வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட வேண்டும். பெயருக்குள் இடம் இருந்தால் அதைப் பெயர்களுக்கென்று இருக்கிற குறிகளுக்குள் அடைக்க வேண்டும். விவரத்துக்கு ஒரு பாதுகாப்பு, பெயருக்கு வேறு பாதுகாப்பு. எல்லாம் உன் வாயால் கேட்டதுதான். அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்புகிறேன். அவசரம் யாருக்கும் வரும். ஆனால் உன் அவசரத்தின் விலையை அவள் தலையில் கட்டாதே.

மகனே, பொலிஸில் உன்னைச் சந்தேகத்தில் பிடித்துவைத்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கொழும்பில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாய். காலை பஸ்ஸில் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைப் பார்த்து, பிறந்த ஊரைப் பார்த்து இறக்கிவிட்டார்கள். நான் எஹலியகொடவிலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்வதற்கு முன்னால் அந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தார். நீ அறை எடுத்திருந்த வீட்டுக்காரி, நீ ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர். வீட்டில் போடுகிற செருப்போடும் கசங்கிய கவுனோடும் ஓடி வந்திருந்தார். “மே லமயா மகே கெதர இன்னே” என்று சிங்களத்தில் ஒவ்வொரு அதிகாரியிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தப் பிள்ளை என் வீட்டில் இருக்கிறது என்று. அவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அக்கம்பக்கத்தில் கதைப்பார்கள், வீட்டைச் சோதிக்க வருவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். நீயும் அழுதாய். ஒன்றும் செய்யாதவன்மேல் பழி விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை உனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. உனக்கு ஓர் ஆன்ட்டி வந்தார். ராஜேஸ்வரிக்கு யார் வருவது? உண்மை தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருந்தான், அவன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் டீச்சர் என்றாள். சும்மா ஏன் இருக்கிறாய், பிள்ளைகளுக்கு ஒரு தாள் அடித்துக் கொடு என்று ஒரு வீட்டு வரைபடக் குறிப்பைக் கொடுத்தேன். அவள் கை எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். முதல் எண்ணை அடித்தாள். அடிக் குறி வரவேண்டிய இடத்தில் வலதுகைச் சின்ன விரல் சாவிக்கு மேலே போய் நின்றுவிட்டது. இறங்கவில்லை. “எழுத்துல அடின்னு போட்டுடுறேனே டீச்சர்” என்றாள். ஏன் என்றேன். “நான் நீங்க சொல்லிக்குடுத்த மாதிரித்தான் அடிச்சேங்க. அதுல என்ன பெழ வந்துச்சுன்னு இப்ப வரைக்கும் எனக்கு வெளங்கல. அண்ணன் வெளங்கின ஆளு. அவுங்க பெழன்னு எழுதியிருக்காங்கன்னா பெழயாத்தானே இருக்கும்” என்றாள். அண்ணன் என்று சொன்னது உன்னை. நான் எழுந்து போய் யன்னலருகில் நின்றேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று நின்றேன். பிறகு திரும்பி வந்து அவளை என் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, நான் கண்டுபிடித்ததை ஒன்றுவிடாமல் காட்டினேன்.  “அப்ப நான் பெழ வுடலயா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். உன்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீசில் விசாரணை. துரையும் பெரிய கிளாக்கரும் கொழும்பிலிருந்து வருகிற ஓர் அதிகாரியும் இருப்பார்கள். ராஜேஸ்வரியோடு நானும் போகிறேன். பெருமாளும் வருவார். இந்த முறை யன்னலுக்கு வெளியே நிற்கக் கூடாது, உள்ளே வந்து எங்களோடு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நீ திருத்துவதற்கு முன்னால் என்னிடம் வைத்துவிட்டுப் போன பழைய புரோகிராமில், விவரத்தின் ஒரு பிரதியை ஏற்றி, அவர்கள் கண்முன்னாலேயே அதே பத்து, அதே அடிக் குறி, அதே இரண்டு கோட்டை அடிப்பதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன். அடிக்கப் போவது நான் இல்லை. ராஜேஸ்வரி. அவள் விரல் அந்தச் சாவிக்குமேல் போய் நிற்கக் கூடாது, இறங்க வேண்டும். இறங்கியதும் அந்த டிவிஷன் முழுவதும் ‘இல்லை’ என்று மாறும். அதை அவர்கள் பார்க்கட்டும்.

கொழும்பிலிருந்து எஹலியகொடவுக்கு எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். அவுஸ்திரேலியா ஓடிப்போகாது. உன் கம்பனிக்கு என்ன பிரச்சினை வரும் என்று எனக்குத் தெரியாது. வரத்தான் செய்யும். வந்தால் வரட்டும். நீ வந்து, இது என் புரோகிராமின் பிழை, இந்தப் பிள்ளை சரியாகத்தான் அடித்தாள் என்று ஒரு வாய் சொன்னால் அவள் மறுநாளே அந்தக் கதிரைக்குப் போய்விடுவாள். நீயும் போகிற இடத்தில் நிம்மதியாகத் தூங்குவாய். அம்மா உன்னை அந்த ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. தலை நிமிர்ந்து போ என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். விசாரணைக்குக் கொடுக்க ஒரு கூற்று அடித்து வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வரியில் ‘இந்தப் புரோகிராமை எழுதியவர்’ என்று போட்டு, பக்கத்தில் நீ சொல்லிக்கொடுத்தபடி ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை நீ அந்த அறைக்கு வந்தால் அதை நீயே நிரப்பலாம். வராவிட்டால், நீ பிறந்த பதினாறாம் நாள் உன் காதில் நான் மூன்று தடவை சொன்ன பெயரை அந்த இடத்தில் நானே அடிப்பேன்.

அம்மா